பக்கச்சறுக்கல்

அந்த ஆள் இன்றைக்குத் தோற்க வேண்டும் என்றுதான் ஆவுடை காலையில் எழுந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். தோற்றால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவள் நினைக்கவில்லை, நினைக்காமலே பல் தேய்த்து, நினைக்காமலே இட்லியை விண்டு, நினைக்காமலே ஜீப்பில் ஏறி வந்து இந்தத் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். டெலிமெட்ரி வண்டி என்று இதற்குப் பெயர். பழைய ஓடுதளத்தின் ஓரம், கள்ளியும் புழுதியுமான வெளியில், சக்கரங்களின் மேல் நிற்கும் நீளமான பெட்டி. ஜன்னல் கிடையாது. மேலே பறக்கிற விமானம் தன் உடம்பில் நடப்பதையெல்லாம் இங்கே அனுப்பிக்கொண்டிருக்கும், அவை திரையில் பச்சைக் கோடுகளாக ஊரும். ஏ.சி. காற்று நேராக அவள் பிடரியில் இறங்கியது. திருப்பிவைக்கச் சொன்னால் திருப்பிவைப்பார்கள், ஆனால் சொல்லக் கூடாது, சொன்னால் மேடத்துக்குக் குளிருதாம் என்று ஒரு பேச்சு கிளம்பும், மத்தியானத்துக்குள் அது கேன்டீன் வரை போய்விடும், அவன் காதுக்கும் போகும், அதற்கும் அவன் ஒரு வாக்கியம் வைத்திருப்பான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. எனக்கு காலு இருக்கு மேடம். சீ, மறுபடியும் அது. குளிக்கும்போது வந்தது, ஜீப்பில் வந்தது, இதோ இப்போதும், பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கு மாதிரி, நாக்கு தானாக அங்கேயே போகிறது. எனக்கு காலு இருக்கு மேடம். பக்கத்தில் சோதனைத் தலைவர் ரங்கபாஷ்யம் ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் வாடை. இந்த மனிதருக்கு எப்படிப் பசிக்கிறது.

கேப்டன் ஜெரோம் மச்சாது, விமானப்படையிலிருந்து வந்த சோதனை விமானி, தூத்துக்குடிக்காரன். அவளுக்கு அம்பாசமுத்திரம். இருவர் வீட்டிலும் ஒரே தமிழ்தான், வருதாவ, போறாவ என்று இழுக்கிற தமிழ். அதுதான் கூடுதல் எரிச்சல். இந்த ஊரில், எல்லோரும் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் கலந்து பேசுகிற இந்த நிறுவனத்தில், அவன் அவளிடம் மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம்தான் பேசுவான். கேலிக்கு மட்டும் தமிழை எடுப்பான், அதுவும் ஊர்த் தமிழை, சொந்தக்காரன் மாதிரி. ஆவுடையம்மாள் என்ற பெயரை இங்கே ஒருவனுக்கும் சொல்லத் தெரியாது, ஆடி என்பான் ஒருத்தன், கார் கம்பெனி மாதிரி, அவுடாய் என்பான் இன்னொருத்தன். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே வாய் அவனுடையது, அவன் சொல்லமாட்டான், மேடம் என்பான், அந்த 'மே'யை இரண்டு முழத்துக்கு இழுப்பான். திரையில் உயரக்கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சோதனை உயரத்துக்குப் போகவில்லை. அது போகட்டும். ஏறு, ஏறு. மூக்கு சப்பையாக, இறக்கை முதுகின் மேலே தூக்கி வைத்த மாதிரி, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜினைக் கட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு மாட்டுவண்டிக்கு விசிறி வைத்தாற்போல ஒரு விமானம். அழகில்லை. அழகுக்காக அவர்கள் அதைச் செய்யவுமில்லை. மலையில் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குச் சமதளம் கிடைத்தால் அதில் இறங்க வேண்டும், அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் பிரசவ வலியில் இருக்கிறவளை ஏற்றிக்கொண்டு திரும்ப எழும்ப வேண்டும், அதற்குத்தான். கொஞ்ச தூரம் ஓடி எழும்ப வேண்டுமென்றால் மெதுவான வேகத்திலேயே காற்றில் நிற்கத் தெரிய வேண்டும். மெதுவாகப் பறப்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமைதான் அதன் கேடும். ஒரு பக்கத்து என்ஜின் செத்துப்போனால் மறுபக்கத்து என்ஜின் மூக்கை ஒரேயடியாகச் செத்த பக்கம் இழுக்கும். வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பும், விமானி காலால் பெடலை மிதிக்க அதன் பின்பாதியில் திரும்புகிற ரட்டரும்தான் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். வேகம் குறையக் குறைய அந்த ரட்டரின் மேல் படும் காற்றுக்கு வலு இல்லை. வலு இல்லாதபோது விமானம் ஒரு பக்கமாகச் சறுக்கும், சறுக்கிப் புரளும், தரைக்குப் பக்கத்தில் புரண்டால் அப்புறம் பேச ஒன்றுமில்லை.

பெரிய துடுப்பு வேண்டும் என்று அவள் சொன்னாள். எத்தனையோ மாதமாகச் சொன்னாள். கூட்டத்தில் சொன்னாள், காரிடாரில் சொன்னாள், லிஃப்டில் மாட்டிக்கொண்ட டைரக்டரிடம் சொன்னாள். பெரிய துடுப்பு என்றால் எடை கூடும், எடை கூடினால் மூட்டை குறையும், அச்சுகளை மாற்ற வேண்டும், வேலை ஒரு வருடம் பின்னால் போகும், மேலே இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது. காற்றுச் சுரங்கத்தில் மரத்தால் செய்த சின்ன மாடலின் வாலில் அவளே வரிசை வரிசையாக நூல் துணுக்குகளை ஒட்டினாள், கம்பளி நூல், சிவப்பு, விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்தது. காற்றைத் திறந்துவிட்டால் நூல்கள் எல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒழுங்காகப் பின்னால் படிந்து கிடக்கும். மாடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே போனால் ஒரு இடத்தில், மொத்த நூலும், ஒன்று பாக்கியில்லாமல், எழுந்து நின்று நடுங்கி முன்னால் திரும்பும், யாரோ தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்த மாதிரி. அதற்கு மேல் துடுப்பு துடுப்பில்லை, வெறும் பலகை. படம் எடுத்தாள். கூட்டத்தில் போட்டுக் காட்டினாள். இந்த இடத்தில் பைலட்டின் காலுக்குக் கீழே பெடல் திடீரென்று லேசாகிவிடும், லேசானதும் சரியாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றும், ஆனால் அப்போதுதான் எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும் என்றாள். மேசையின் கடைசியில் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவன் பேனாவை மூடினான். "எனக்கு காலு இருக்கு மேடம்," என்றான். "உங்க நூலுக்குத்தான் காலு இல்ல." தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்டு, யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் தாமதமாகச் சிரித்தார்கள். அந்த இரண்டாவது சிரிப்பு. முதலாவதைக்கூட மன்னித்துவிடலாம். ரங்கபாஷ்யம் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைத் துடைத்துக்கொண்டார், அவர் ஏன் துடைத்துக்கொண்டார், அப்போது அவர் ஒன்றும் தின்றுகொண்டிருக்கவில்லையே. டைரக்டர், சரி, பறந்து பார்த்துவிடலாம், கேப்டனே தயார் என்கிறபோது, என்றார். முடிந்தது. ஒரு பெண்ணின் மூன்று வருட வேலை ஒரு ஆம்பிளையின் காலுக்குக் கீழே போய்விட்டது.

"உயரத்துக்கு வந்தாச்சு," என்றார் ரங்கபாஷ்யம். சமோசாக் காகிதத்தைக் கசக்கினார். "ஆவுடை, ரெடியாம்மா? சிவப்புக் கோட்டைத் தொட்டா நீதான் சொல்லணும். அவாளுக்கு உள்ளே உட்கார்ந்துண்டு ஒண்ணும் பார்க்க முடியாது."

"தெரியும் சார்."

தெரியும், தெரியும். அதை எழுதியதே அவள்தான். இடது என்ஜினை அணைப்பது போல் சும்மா சுழல விட்டு, வலது என்ஜினை முழு வேகத்தில் வைத்து, மூக்கை மெல்லத் தூக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ரட்டர் முழுக்கத் திரும்பி முடிந்த பிறகும் சறுக்கல் கோடு ஏறிச் சிவப்பைத் தொட்டால் கீழேயிருந்து ஸ்டாப் என்று ஒரு குரல் போக வேண்டும், அந்தக் குரல் கேட்டதும் மேலே கேள்வி கேட்காமல் வலது என்ஜினையும் இறக்கி மூக்கைத் தாழ்த்த வேண்டும். மைக்கின் பொத்தான் அவள் வலது உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. வட்டமாக, சில்லென்று, உளுந்துவடை அளவுக்கு. அவன் உயிரைக் கொண்டுவந்து அவள் கைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள், அவனும் அதற்குச் சம்மதித்திருக்கிறான், காலையில் விமானத்துக்கு நடந்து போகும்போது அவளைத் தாண்டித்தான் போனான், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மேடம், முழிச்சிட்டு இருங்க என்ன," என்றான், நிற்காமலே. கூடவே வந்த கோ-பைலட் இஸ்மாயில் மட்டும் நின்று குட் மார்னிங் மேடம் என்றான். அவள் அவனுக்குப் பதில் சொன்னாளா? சொல்லியிருப்பாள். நினைவில்லை. அவள் மச்சாதுவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஓவராலில் வியர்வை அப்போதே தேசப்படம் மாதிரி பரவியிருந்த முதுகை. பயம்தான். பயப்படுகிறான். பயப்படட்டும். பயந்துகொண்டே போகிறவனுக்கு அந்த வாக்கியம் எதற்கு.

வேகத்தை வாசிக்கும் குரல் ஸ்பீக்கரில் ஆரம்பித்தது. எய்ட்டி எய்ட். எய்ட்டி செவன். கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் வாசிப்பது போல ஏற்ற இறக்கமில்லாத குரல், கடிகாரச் சத்தம் மாதிரி, அவள் அதைக் கேட்கவில்லை, கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரட்டர்க்கோடு ஏறியது. அவன் காலை அழுத்துகிறான். இருக்கிறதல்லவா கால், அழுத்து. சறுக்கல் கோடு தூங்குகிறவன் மூச்சு மாதிரி லேசாக அசைந்துகொண்டு கீழேயே கிடந்தது. எய்ட்டி ஃபோர். இன்னும் சறுக்கவில்லை. ஏன் சறுக்கவில்லை. அவள் கணக்குப்படி இந்நேரம் அரைவாசிக்கு வந்திருக்க வேண்டும். கணக்கு தப்பா? தப்பென்றால், இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவன் இந்தக் கதவைத் திறப்பான், ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் பயங்கரம், ஒன்றும் சொல்லாமல் குனிந்து தன் காலைப் பார்ப்பான், எல்லோரும் பார்ப்பார்கள். ரங்கபாஷ்யம் உதட்டைத் துடைப்பார். அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு கூட்டத்திலும், அவள் வாயைத் திறக்குமுன்பே மேசையைச் சுற்றி ஒரு முறுவல் ஓடும், ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் நூல் மேடம், அவ்வளவுதான். எய்ட்டி ஒன். கோடு அசைந்தது. அசைந்ததா? அசைந்தது. கீழே கிடந்தது தலையைத் தூக்கியது. அவள் முதுகு நாற்காலியிலிருந்து விலகியது, பிடரியில் குளிர் இல்லை, வாடை இல்லை. வா. ரட்டர் முழுக்கத் திரும்பிவிட்டது, அதற்கு மேல் அவனுக்குக் கால் இல்லை, செவன்ட்டி நைன், கோடு ஏறுகிறது, அவள் வரைந்த வளைவில், அவள் வரைந்த அதே வளைவில், ஒரு மயிரிழை விலகாமல், மூன்று வருடத்துக்கு முன்னால் தாளில் போட்ட கோட்டின் மேல் அந்த விமானம் தன்னைத் தானே மறுபடி வரைந்துகொண்டு வருகிறது, இதைவிட அழகான எதையும் அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சிவப்பைத் தொட்டது.

தொட்டதை அவள் பார்த்தாள். பொத்தான் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது, நல்ல தெளிவாகத் தெரிந்தது, வாசலில் நிற்கிற ஆளை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல, இதோ போய்த் திறக்கிறேன் என்று உட்கார்ந்தே இருப்பது போல. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் போனால் நூல்கள் திரும்பும் இடம் வரும், அதையும் காட்டிவிட்டால் ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியாது, இங்கே நிறுத்தினால் மச்சாது, நான் பிடித்துவைத்திருந்தேன், இவள்தான் அவசரப்பட்டாள் என்பான், சொல்வான், கட்டாயம் சொல்வான், பயந்தாங்கொள்ளி என்று தமிழில் சொல்வான். கோடு சிவப்பைத் தாண்டி நடந்தது. அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளையாக இருந்தது, அங்கே யாரும் இதுவரை போனதில்லை. ரங்கபாஷ்யத்தின் நாற்காலி கிரீச்சிட்டது. பெடல் மேல் அவன் காட்டுகிற பலத்துக்கென்று ஒரு தனிக் கோடு இருந்தது. அது சட்டென்று கீழே விழுந்தது. லேசாகிவிட்டது. இப்போது அவன் காலுக்கு அது லேசாகிவிட்டது. தெரிகிறதா, தெரிகிறதாடா, இதைத்தான் சொன்னேன், இதைத்தான் — ஸ்பீக்கரில் வேகம் வாசித்துக்கொண்டிருந்த குரல் செவன்ட்டி என்று ஆரம்பித்து அடுத்த எண்ணைச் சொல்லவில்லை. யா அல்லா என்றது. சத்தம் போட்டுக்கூட இல்லை. பஸ்ஸில் யாரோ காலை மிதித்துவிட்டது போல, ஆச்சரியமாக. யார் இது? மச்சாது யா அல்லா என்று சொல்லமாட்டானே. யார் அங்கே? காலையில் நின்று குட் மார்னிங் சொன்ன முகம், மீசை சரியாக வளராத முகம், விமானத்துக்குள் அவன் பக்கத்திலேயே தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிற முகம் அவளுக்கு நேரே வந்து நின்றது. விமானத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். முதலிலிருந்தே இரண்டு பேர். கையை அழுத்தினாள். "ஸ்டாப்!" அது அவள் குரல் மாதிரி இல்லை, தட்டு விழுந்து உடைகிற மாதிரி இருந்தது. "ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்!"

கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் சிதறின. விமானம் இடப்பக்கம் புரண்டு முதுகைக் காட்டியதைத் திரை ஒரு சாய்ந்த கோடாகத்தான் காட்டியது, அவ்வளவு அடக்கமாக. உயரக்கோடு சரிந்தது, சரிந்துகொண்டே இருந்தது. ரங்கபாஷ்யம் எழுந்து நின்றிருந்தார், கையில் கசங்கிய காகிதம், ராமா ராமா என்று உதடு மட்டும் அசைந்தது. அவள் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. யாரிடம் வேண்டுவது, என்ன முகத்தோடு. மரமாடலின் சிவப்பு நூல்கள் வந்தன, அவற்றை ஒட்டிய விரல்கள் வந்தன, கையைப் பார்த்தாள், அது இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது, எடுக்க வரவில்லை. வலது என்ஜினின் கோடு விழுந்தது. இறக்கிவிட்டான். மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்து, தாழ்ந்து, வேகம் வந்தது, சறுக்கல் கோடு இரண்டு முறை அங்குமிங்கும் அடித்துப் புரண்டு, அடங்கி, கீழே போய்ப் படுத்தது. உயரக்கோடு நின்றது. பிறகு மச்சாதுவின் குரல், இரைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், திரும்பி வருகிறோம் என்றது.

வெளியே என்ஜின் சத்தம் வந்து, பெரிதாகி, நின்றது. ஓடுதளத்துக் காற்று தகரத்தில் புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு மச்சாது உள்ளே வந்தபோது வெயிலும் வந்தது. அவன் முகம் கருத்துச் சிறுத்துப்போயிருந்தது. பின்னால் இஸ்மாயில், வாயைத் துடைத்த கைக்குட்டையை இன்னும் கையில் வைத்திருந்தான், வாந்தி எடுத்திருக்கிறான். ஆவுடை எழுந்திருக்கவில்லை.

"துடுப்பு பத்தாது சார்," என்றான் மச்சாது ரங்கபாஷ்யத்திடம். தமிழில்தான் சொன்னான், கேலி இல்லாமல். "மேடம் சொன்ன மாதிரியேதான். பெடல் செத்துப் போச்சு. பெரிசா வேணும். நான் எழுதித் தாரேன்."

எத்தனை மாதமாக அவள் கேட்க நினைத்த வார்த்தை. அது அவள் மேல் பட்டு, ஒன்றும் செய்யாமல், தரையில் விழுந்தது. இவன் ஏன் உண்மையைச் சொல்கிறான். ஒரு சாக்கு சொல்லக் கூடாதா, காற்று சரியில்லை என்று, கருவி தப்பு என்று. வெறுப்பதற்கு ஒரு பிடி வேண்டாமா. அவன் இப்போது அவளைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். சறுக்கல் எப்போது சிவப்பைத் தாண்டியது, ஸ்டாப் எப்போது வந்தது என்பது அவன் உடம்புக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருடம் அந்த உடம்பால்தானே பிழைத்திருக்கிறான்.

"ஆவுடை கரெக்டாத்தானே நிறுத்தினா?" என்றார் ரங்கபாஷ்யம். கேட்டபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

மச்சாது ஹெல்மெட்டை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். "கரெக்டாத்தான் நிறுத்துனாவ," என்றான்.

அதைப் பிச்சை போடுவது மாதிரி போட்டான். எடுத்துக்கொள், வைத்துக்கொள், இனி நீ என்னிடம் எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து பேச முடியாது. அப்படித்தானா? அல்லது உண்மையாகவே இரங்கிவிட்டானா? இரங்கியிருந்தால் அது இன்னும் மோசம். தலையை ஆட்டினால் போதும், இத்தோடு முடிந்துவிடும், பெரிய துடுப்பு வந்துவிடும், அவளை யாரும் நூல் மேடம் என்று சொல்லமாட்டார்கள், ஒரு தலையசைப்பு. அவனிடமிருந்து ஒரு துளித் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டேன் என்று நினைத்தாள். அதுதான் அவளைப் பேசவைத்தது, வேறு எந்த நல்ல குணமும் இல்லை.

"இல்ல சார். லேட்டாத்தான் சொன்னேன்."

"மானிட்டர்ல ஏதாவது —" என்றார் ரங்கபாஷ்யம் அவசரமாக.

"மானிட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. தொட்டதைப் பார்த்தேன். பார்த்துட்டு இருந்தேன்."

மச்சாது கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். இஸ்மாயில்தான் முன்னால் வந்தான். கோபம் இருக்கிறதா என்று அவள் அந்த முகத்தில் தேடினாள், கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அது வெறுமனே கேட்கிற முகமாக இருந்தது.

"எங்க மேடம்?" என்றான்.

அவள் திரையைப் பின்னால் ஓட்டி நிறுத்தினாள். கோடு சிவப்பைத் தொடும் இடத்தில் ஒரு விரலை வைத்தாள். அவள் குரல் பதிவான இடத்தில் இன்னொரு விரலை வைத்தாள். நடுவில் கொஞ்சம் வெள்ளை. இஸ்மாயில் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தான், வீட்டின் வரைபடத்தில் தன் அறை எது என்று பார்ப்பவனைப் போல.

"இதுல நானும் இருந்தேன் மேடம்," என்றான்.

"ஆமா." விரல்களைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "அப்ப எனக்கு அது ஞாபகம் வரல."

ஆவுடை காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "துடுப்பு வரைபடத்தை நான் முடிச்சுத் தாரேன் சார்," என்றாள் ரங்கபாஷ்யத்திடம். "இந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பாருங்க." அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்று ஒரு நொடி காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. மச்சாது வழியை விட்டு ஒதுங்கி நின்றான், அவள் அவனைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினாள்.